தம்பிக்குத் தெரியாம தயிர்சாதத்துல மாத்திரை கலக்கறோம், தப்பா டாக்டர்?

கடலூர்க்காரங்க ஒரு அக்கா நீளமா எழுதியிருக்காங்க. அடையாளம் தெரியற விஷயத்தையெல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். அவங்க கல்யாணமாகி புதுச்சேரில இருக்காங்க, அம்மாவும் தம்பியும் கடலூர்ல. தம்பிக்கு 29 வயசு, டிப்ளமோ முடிச்சிட்டு ஒரு கம்பெனில ஷிஃப்ட் வேலை பாத்துட்டு இருந்தவர். மூணு வருஷம் முன்னாடி ராத்திரில தூக்கம் போச்சு, கூட வேலை பாக்கறவங்க போனை ஒட்டுக் கேக்கறாங்கன்னு ஆரம்பிச்சு, தெருவுல யார் சிரிச்சாலும் என்னைப் பாத்துதான்னு ஆகி, கடைசில ஆளே இல்லாத ரூம்ல யாருக்கோ பதில் சொல்ல ஆரம்பிச்சிட்டார். மேல்மலையனூர் அமாவாசை, தாயத்து, எலுமிச்சம்பழம் எல்லாம் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சுதான் பாண்டில ஒரு மனநல டாக்டர். ஓலான்சபின் மாத்திரை. ரெண்டே மாசத்துல தெளிஞ்சு வேலைக்கே திரும்பப் போயிட்டார். பத்து மாசம் சாப்பிட்டவர் "அதான் நல்லாயிட்டேனே"ன்னு நிறுத்திட்டார், சித்தப்பா வேற "எல்லாம் தூக்க மாத்திரைடா, பழகிட்டா விடாது, கிட்னி போயிடும்"னு சொல்லியிருக்கார். நாலஞ்சு மாசத்துல எல்லாம் திரும்ப வந்துடுச்சு, வேலையும் போச்சு, டாக்டர்னு சொன்னாலே சண்டை.

இப்ப மூணு மாசமா அம்மா பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல்ல மாத்திரை வாங்கி, பொடி பண்ணி, ராத்திரி தயிர்சாதத்துல கலந்து கொடுக்கறாங்க. பேச்சு கொஞ்சம் அடங்கியிருக்கு, ஆனா பகல்லயும் தூங்கி வழியறார், "சோத்துல என்னமோ கலக்கறீங்க"ன்னு தட்டைத் தள்ளிட்டு வாரத்துல ரெண்டு நாள் வெளில பரோட்டா சாப்பிடறார். இதுக்கு நடுவுல பண்ருட்டி பக்கம் ஒரு பொண்ணு பாத்து, தை மாசம் நிச்சயம் வெக்கலாம்னு பேச்சு. பொண்ணு வீட்டுக்கு எதுவும் தெரியாது. அக்காவோட புகுந்த வீட்டுக்கும் தெரியாது. கலக்கறது தப்பா, சட்டம் என்ன சொல்லுது, காலத்துக்கும் மாத்திரையா, கல்யாணம் பண்ணா சரியாகுமா, ஆஸ்பத்திரில சேத்தா ஷாக் வெச்சிடுவாங்களா, இதான் அவங்க கேள்விங்க.

அக்கா, மொதல்ல ஒண்ணு. நான் உங்க தம்பியைப் பாக்கல, நீங்க எழுதினதை வெச்சு பாக்கும்போது மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா வகை மாதிரி தெரியுது, ஆனா லெட்டரைப் படிச்சு நோய்க்குப் பேர் வெக்கறது என் வேலை இல்ல, அதை நேர்ல பாக்கற டாக்டர் சொல்லட்டும். அடுத்தது, உங்க அம்மாவை நான் குத்தம் சொல்லப் போறதில்ல. எங்கிட்ட வர்ற குடும்பங்கள்ல சாம்பார், டீ, இட்லி மாவு, எதுல கலக்காதவங்கன்னு கேட்டா கொஞ்சம் பேர்தான் தேறுவாங்க. பிள்ளை கண்ணு முன்னாடி கெட்டுப் போறப்ப, கையில மாத்திரை இருக்கறப்ப, எந்த அம்மாவும் செய்யறதுதான்.

ஆனா உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்லணும்னா, ஆமா, இது நிக்கணும். நாளைக்கே டப்புனு நிறுத்தாதீங்க, அது இதை விட மோசம். எப்படி நிறுத்தணும்னு கீழ சொல்றேன்.

ஏன் கலக்கக் கூடாதுன்னு சொல்றேன்

உங்க தம்பியோட நோயே சந்தேகம்தான். யாரோ எனக்கு எதிரா என்னவோ பண்றாங்கங்கறது. நம்ம எல்லாரும் அவர்கிட்ட "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லடா, உன் பிரமை"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கோம். இப்ப அவர் "சோத்துல என்னமோ கலக்கறீங்க"ன்னு சொல்றார் பாருங்க, அது பிரமை இல்ல, நிஜம். அவர் சொல்றது உண்மை, அம்மா சத்தியம் பண்ணி இல்லைங்கறது பொய். இது என்னைக்காவது ஒரு நாள் வெளிய வரும், மாத்திரை அட்டை குப்பைல கிடக்கும், இல்ல கசப்பு நாக்குல படும், அன்னைக்கு அம்மா கையால தண்ணி கூட குடிக்க மாட்டார். மத்தவங்களைப் பத்தின சந்தேகமும் அப்ப அவருக்கு உறுதியாயிடும், ஒட்டுக் கேட்டதும் நிஜம்தான் போலன்னு. அதுக்கப்புறம் எந்த டாக்டரும் அவரை மாத்திரைக்கு சம்மதிக்க வெக்கறது ரொம்பக் கஷ்டம்.

இன்னொண்ணு, அவருக்குத் தெரியாம குடுத்து அவர் நல்லானா, தான் தானாவே நல்லாயிட்டதாத்தான் நினைப்பார். மாத்திரையால நல்லானேன்னு அவருக்குத் தெரிய வழியே இல்ல. மொதல் தடவை பத்து மாசம் தானா சாப்பிட்டாரே, அந்த அனுபவம் பெரிய சொத்து, அதை வெச்சுதான் நாங்க பேசவே ஆரம்பிப்போம். இப்ப நடக்கறதுல அந்த சொத்து கரையுது.

உடம்பு விஷயமும் இருக்கு. கலந்த சாதத்துல பாதியை வெச்சிட்டா எவ்வளவு உள்ள போச்சுன்னு யாருக்கும் தெரியாது. வெளில சாப்பிடற ரெண்டு நாள் மருந்தே இல்ல. சிகரெட் பிடிப்பார்னு எழுதியிருக்கீங்க, அந்தப் புகை ஓலான்சபினை ஈரல்ல சீக்கிரம் கரைச்சிடும், அதனால பிடிக்கறவங்களுக்கு ரத்தத்துல மருந்து அளவு குறையும், திடீர்னு விட்டா ஏறும், இதெல்லாம் கணக்குப் பண்ணித்தான் டோஸ் போடறது. சனிக்கிழமையானா ஃப்ரெண்ட்ஸோட பாண்டி எல்லைக்கு வந்து குடிச்சிட்டு பைக்ல கடலூர் திரும்பறார்னு ஒரு வரில சாதாரணமா எழுதிட்டீங்க, லெட்டர்லயே என்னை பயமுறுத்தின வரி அதுதான். அந்த மாத்திரையும் சரக்கும் சேந்தா தூக்கம் ரெட்டிப்பாகும், எழுந்து நின்னா பி.பி. இறங்கி கண்ணு இருட்டும். உள்ள மாத்திரை இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அவர் ஜாக்கிரதையா இருந்திருக்கலாம். எங்கயாவது விழுந்து கேஷுவாலிட்டிக்கு போனா, என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு டாக்டர் கேப்பார், ஒண்ணும் இல்லைன்னு சத்தியமா சொல்லுவார். அந்த பைக் சாவி விஷயத்தை இந்த வாரமே பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

பழைய சீட்டுக்கு மாசக் கணக்கா மாத்திரை கொடுக்கற மெடிக்கல்காரரும் செய்யறது தப்புதான், ஆனா அவரை இப்ப விடுங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டீங்க. மனநல பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே மாசம். மன நோய் இருக்குங்கற ஒரே காரணத்துக்காக ஒருத்தரை முடிவெடுக்கத் தெரியாதவர்னு ஒதுக்கக் கூடாது, சிகிச்சைக்கு அவர் சம்மதம் வேணும், அதான் அடிப்படை. சம்மதம் இல்லாம செய்யறதுக்கும் வழி வெச்சிருக்காங்க, ஆனா அது டாக்டருங்க பாத்து எழுதி வெச்சு செய்யற வழி, அடுப்படில செய்யறது அதுல வராது.

சித்தப்பா சொன்னதும், தம்பி சொல்லாததும்

சித்தப்பா சொன்னதுல மூணு விஷயம் கலந்திருக்கு. தூக்க மாத்திரைன்னு ஊர்ல பயப்படறது அல்பிரசோலம், குளோனசெபாம் வகை, அது நாள்பட சாப்பிட்டா பழக்கமாகும், உண்மைதான், அதனாலதான் அதைக் கொஞ்ச நாளைக்கு மட்டும்தான் எழுதணும். ஓலான்சபின் அந்த வகையே இல்ல. தூக்கம் வரும், ஆனா போதை ஏங்கற மாதிரி ஏக்கம் வராது, டோஸை ஏத்திக்கிட்டே போகணும்னும் இல்ல. கிட்னி பேச்சு எங்கேர்ந்து வந்துதுன்னா லித்தியம்னு ஒரு மருந்து இருக்கு, அதுக்கு ரத்தத்துல அளவும் கிட்னியும் தைராய்டும் டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருக்கணும். யாரோ ஒருத்தருக்கு சொன்னது எல்லார் மாத்திரைக்கும் ஒட்டிக்கிச்சு. உங்க தம்பி சாப்பிட்ட மருந்துல பாக்க வேண்டியது எடை, சுகர், கொழுப்பு. இதை யாராவது பாத்தாங்களா?

ஏன் கேக்கறேன்னா, பத்து மாசத்துல 12 கிலோ ஏறிச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, ஆனா அதை "நல்லா உடம்பு தேறியிருந்தான்"னு சந்தோஷமா எழுதியிருக்கீங்க. அவருக்கு அது சந்தோஷமா இருந்துதான்னு கேட்டுப் பாருங்க. 29 வயசுப் பையன், காலைல ஷிஃப்டுக்கு எழுந்திரிக்க முடியல, பேன்ட் பத்தல, ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க. அதோட ஆம்பளைங்க அக்காகிட்டயும் அம்மாகிட்டயும் சொல்லவே முடியாத ஒரு பிரச்சனை இந்த மருந்துகள்ல சிலதுல வரும், தாம்பத்திய ஆசையே குறைஞ்சு போறது. சில பேர் இதுக்காகவே நிறுத்திட்டு, கேட்டா "நல்லாயிட்டேன்"னு சொல்லிடுவாங்க. டாக்டருங்க மேலயும் தப்பு இருக்கு, அஞ்சு நிமிஷ ஓ.பி.ல குரல் கேக்குதான்னு கேக்கறோம், இதைக் கேக்கறதில்ல. எடை அவ்வளவா ஏத்தாத மருந்து இருக்கு, அரிபிப்ரசோல் மாதிரி, எல்லாருக்கும் ஒத்துக்காது ஆனா மாத்திப் பாக்கலாம். மருந்தே வேணாம்ங்கறவர்கிட்ட "இந்த மருந்து வேணாமா, வேற பாக்கலாமா"ன்னு கேட்டா பேச்சு வேற மாதிரி போகும்.

காலத்துக்குமான்னு கேட்டீங்க. மொதல் தடவை வந்தா தெளிஞ்சதுக்கு அப்புறமும் குறைஞ்சது ஒண்ணு ரெண்டு வருஷம்னு சொல்லுவோம். ரெண்டாவது தடவை வந்துடுச்சுன்னா பல வருஷம், அஞ்சு வருஷம் வரைக்கும் கூட, சிலருக்கு அதுக்கும் மேல. யாராவது டாக்டர் உங்ககிட்ட "சுகர் மாத்திரை மாதிரி நினைச்சுக்கோங்க"ன்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். சுகர் மாத்திரையை யாரும் அரிசி டப்பாவுல ஒளிச்சு வெக்கறதில்ல, அதுக்காக யார் நிச்சயமும் நின்னு போறதில்ல, வேலைக்குப் போற எடத்துல மேனேஜர் பாத்துடுவாரோன்னு யாரும் நடுங்கறதில்ல. மருந்தோட பளு வேற, இந்த ஊர் பார்வையோட பளு வேற, உங்க தம்பி ரெண்டையும் தூக்கறார்.

கடலூர்க்காரங்க தெரிஞ்சவங்க பாக்கக் கூடாதுன்னு பாண்டிக்கு வர்றாங்க, பாண்டிக்காரங்க அதே காரணத்துக்கு சென்னைக்குப் போறாங்க, பஸ்காரங்களுக்குத்தான் வருமானம். எங்க ஓ.பி. வெளில யாரையாவது நிறுத்திக் கேட்டீங்கன்னா "நரம்பு டாக்டரைப் பாக்க வந்தேன்"னு சொல்லுவாங்க. 2015-16ல நிம்ஹான்ஸ், அதான் பெங்களூர் மனநல ஆஸ்பத்திரி, எடுத்த தேசிய மனநல கணக்கெடுப்புல மன நோய் உள்ளவங்கள்ல நோய்க்கு ஏத்த மாதிரி 70லேர்ந்து 92 சதவீதம் பேர் வரைக்கும் சிகிச்சையே இல்லாம இருக்காங்கன்னு வந்துது. டாக்டருங்க பத்தாததும் காரணம்தான், இந்த வெக்கமும் காரணம்தான்.

மேல்மலையனூர் போனதைப் பத்தி கூச்சப்பட்டு எழுதியிருக்கீங்க, எதுக்கு? போங்க, அம்மாவுக்கு அங்க அழுதுட்டு வந்தா மனசு லேசாகுதுன்னா அதுவும் வேணும். திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயில்ல சாமியும் உண்டு, பக்கத்துலயே மனநல மையமும் டாக்டரும் உண்டு, யாரும் யாரோடயும் சண்டை போடல. ஆனா சித்தப்பா சொல்ற அந்த "கட்டிப் போட்டு பாத்துக்கற எடம்" வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடில மன நோயாளிங்களை வெச்சிருந்த ஓலைக் கொட்டகை தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க, சங்கிலி போட்டிருந்ததால ஓட முடியல. இப்ப சட்டப்படி எந்த ரூபத்துலயும் சங்கிலி போடக் கூடாது, கோயிலா இருந்தாலும் வீடா இருந்தாலும்.

ஷாக் பத்தி ரெண்டு வரி. மயக்க மருந்து இல்லாம அந்த சிகிச்சை கொடுக்கறதையே 2017 சட்டம் தடை பண்ணிடுச்சு, சினிமால கைகாலைப் பிடிச்சு வெக்கற மாதிரி இப்ப கிடையாது. அது தேவைப்படற நிலைமைங்க உண்டு, கட்டாயம் செய்வாங்கன்னு எதுவும் இல்ல, கேட்டுட்டுத்தான் செய்வாங்க.

கால்கட்டு

"ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்"னு அம்மா சொல்றாங்க. அக்கா, கல்யாணம் மாத்திரையும் இல்ல, மந்திரமும் இல்ல, புது ஆள், புது ரூம், சொந்தக்காரங்க கூட்டம், ராத்திரித் தூக்கம் கெடறது, இது எல்லாமே இந்த நோய்ல மறுபடி வர்றதுக்குத் தோதான விஷயங்கதான். தெளியாத நிலைமைல தை மாசம் நிச்சயம்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். அந்தப் பண்ருட்டிப் பொண்ணு அடுத்த அம்மாவா வந்து தயிர்சாதம் பிசையணும்னு எதிர்பாக்கறது நியாயமா?

இதுக்காக அவருக்குக் கல்யாணமே கிடையாதுன்னு நினைக்காதீங்க, அதுவும் தப்பான நினைப்பு. மருந்து ஒழுங்கா எடுத்து வேலைக்குப் போய் குடும்பம் நடத்தறவங்க நிறைய பேர் எங்கிட்ட வர்றாங்க. இந்து திருமணச் சட்டத்துல நோய்ப் பேரு இருந்தாலே கல்யாணம் செல்லாதுன்னு இல்ல, தாம்பத்தியத்துக்கும் பிள்ளை பெத்துக்கறதுக்கும் லாயக்கில்லாத அளவுக்கு இருக்கான்னுதான் பாக்கறாங்க. 2013ல சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்குல, மனைவிக்கு ஸ்கிசோஃப்ரினியான்னு விவாகரத்து கேட்ட கணவருக்கு கொடுக்கல, இது சிகிச்சைல கட்டுப்படற நோய்தானேன்னு கேட்டுது. ஆனா மறைச்சுப் பண்ணா கதை வேற, முக்கியமான விஷயத்தை மறைச்சு ஏமாத்தி சம்மதம் வாங்கினாங்கன்னு அந்தக் கல்யாணத்தை ரத்து பண்ணக் கேக்க பொண்ணுக்கு உரிமை இருக்கு, தெரிஞ்ச ஒரு வருஷத்துக்குள்ள. இதுல விவரம் வேணும்னா கடலூர் கோர்ட்லயே இலவச சட்ட உதவி மையம் இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமான வரம்பு கூட கிடையாது, போய்க் கேளுங்க.

பொண்ணு வீட்ல சொன்னா போயிடுவாங்கன்னு பயம், போயிடலாம்தான். சில பேர் போக மாட்டாங்க. குழந்தைக்கு வருமான்னு கேப்பாங்க, அதுக்கும் பதில் வெச்சுக்கோங்க. பொதுவா நூறுல ஒருத்தருக்கு வர்ற நோய் இது, அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தா நூறுல சுமார் பத்துப் பேருக்கு வரலாம், மீதி 90 பேருக்கு வர்றதில்ல. இதை தம்பிதான் சொல்லணும், தெளிஞ்சதுக்கு அப்புறம், நீங்க அவருக்குப் பின்னாடி போய் சொல்றதில்ல.

சரி, இப்ப என்ன பண்றது

மொதல்ல நீங்களும் அம்மாவும் மட்டும் டாக்டர்கிட்ட போங்க, தம்பி வரணும்னு காத்திருக்க வேண்டாம். பழைய டாக்டரே இருந்தா நல்லது, இல்லைன்னா ஜிப்மர் மனநலப் பிரிவு, இல்ல கடலூர் அரசு தலைமை ஆஸ்பத்திரில கேளுங்க. கலந்து கொடுக்கறதை மறைக்காம சொல்லுங்க, எப்படி நிறுத்தறதுன்னு அவர்கிட்டயே கேளுங்க. திட்டினா வாங்கிக்கோங்க. அன்னைக்குப் போக முடியலைன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன், இலவசம், தமிழ்ல பேசலாம், வீட்டு ஆளுங்களும் பேசலாம்.

தம்பியைக் கூப்பிடறப்ப "உனக்கு மனசு சரியில்ல"ன்னு ஆரம்பிக்காதீங்க. அவருக்குக் கேக்கற குரல் நமக்கு பக்கத்து வீட்டு டிவி கேக்கற மாதிரி நிஜமாவே கேக்குது, அடம் பிடிக்கறார்னு நினைச்சா நீங்க தோத்துடுவீங்க. அவருக்கே தொல்லையா இருக்கறதைப் பிடிங்க, பகல் தூக்கம், எடை, வேலை போன கவலை. "உனக்குத் தூக்கமே சரியில்லடா, ஒரு தடவை சுகரும் பாத்துட்டு டாக்டர்கிட்ட பேசிட்டு வரலாம்"னு சொன்னா அதுல பொய்யே இல்ல, சுகர் நிஜமாவே பாக்கணும். வீட்ல யார் பேச்சை அவர் கொஞ்சமாவது கேப்பார்? அக்கா நீங்கதான்னு நினைக்கறேன், சித்தப்பா இல்ல.

கலந்து கொடுத்ததை அவர்கிட்ட சொல்லணுமான்னு நீங்க கேக்கல, ஆனா வரும். என் அபிப்பிராயம், சொல்லணும், சண்டைல இல்ல, அவர் கொஞ்சம் தெளிஞ்ச ஒரு நாள், டாக்டர் பக்கத்துல இருக்கறப்ப. வேற டாக்டர் வேற மாதிரி சொல்லலாம். கோவப்படுவார், படட்டும், "நீ சந்தேகப்பட்டது சரிதான்டா, பயத்துல பண்ணிட்டோம், இனிமே பண்ண மாட்டோம்"னு அம்மா வாயால வந்தா அதுக்கு ஒரு பலம் இருக்கு.

தினமும் மாத்திரை முழுங்கறதுதான் அவருக்கு எரிச்சல்னா ஊசி இருக்கு, சிலது ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, சிலது மாசத்துக்கு ஒரு தடவை, அவர் சம்மதத்தோட போடறது. வேலைக்குப் போற பசங்க பல பேருக்கு இது பிடிக்குது, மத்தவங்க எதிர்ல அட்டையைக் கிழிக்க வேண்டாம் பாருங்க.

எதுக்கும் ஒத்துக்கல, நிலைமை மோசமாகுதுன்னா, அதாவது சாப்பாட்டையே நிறுத்திட்டார், கத்தி எடுத்து வெச்சுக்கறார், செத்துப் போகச் சொல்லி குரல் கட்டளை போடுதுன்னு சொல்றார், அப்ப காத்திருக்காதீங்க, 108 கூப்பிட்டு ஆஸ்பத்திரி. சம்மதம் இல்லாமயே சேக்க அந்தச் சட்டத்துல வழி இருக்கு, குடும்பத்துலேர்ந்து அவரோட பிரதிநிதியா ஒருத்தர் எழுதிக் கொடுக்கணும், ரெண்டு பேர் தனித்தனியா பரிசோதிக்கணும், அதுல ஒருத்தர் மனநல டாக்டரா இருக்கணும், அப்படி சேத்தா அதிகபட்சம் 30 நாள், அதைத் தாண்டினா மறுபடி பரிசீலனை. காலத்துக்கும் உள்ள போட்டு பூட்டிடுவாங்கன்னு பயப்பட வேண்டியதில்ல.

டாக்டர்கிட்ட போறப்ப பழைய சீட்டு, இப்ப வாங்கற மாத்திரை அட்டை, எந்த மாசம் நிறுத்தினார், எந்த மாசம் திரும்ப ஆரம்பிச்சுதுங்கறது ஒரு பேப்பர்ல. உங்க மாமியார் வீட்ல என்ன சொல்லிட்டுப் போறதுன்னு கேட்டிருந்தீங்க, அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு சொல்லுங்க, மூணு மாசமா சரியா தூங்காத அம்மாவுக்கு அது பொய்யும் இல்ல, அவங்க பி.பி.யையும் அன்னைக்கே பாத்துடுங்க. அம்மா இல்லாம தனியா மட்டும் போயிடாதீங்க, முழு மாத்திரையா, பாதியா, எந்தெந்த நாள் விட்டுப் போச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.